பூனைவணங்கி

பெனடிக்டா தோஹாவுக்குப் போன மறுநாள்
பீரோவுக்கு அடியில் போய்ப் படுத்தது தவிடு.
இன்றோடு இருபத்தொரு நாள்.
வைக்கிற மத்தி மீனைத் தின்னாமல் இல்லை,
நான் லைட்டை அணைத்த பிறகு தின்கிறது.

குற்றம் என் கையில்தான்.
கீழ்ப்பாக்கத்தில் பல்செட் செய்கிற லேபில் வேலை.
நாள் முழுக்க அக்ரிலிக், மெழுகு, மாவுக்கல்.
சோப்புப் போட்டுக் கழுவினாலும்
எலுமிச்சையை அரக்கித் தேய்த்தாலும்
யாரோ ஒருத்தருடைய ஈறு மாதிரி
மணக்கிறது விரல்.
ஒருமுறை முகர்ந்தது.
கடன் கேட்டவனைக் கல்யாண வீட்டில் பார்த்தாற்போல்
முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அண்ணாநகர் கடையில் ரப்பர் எலி நானூற்று ஐம்பது.
கையில் எடுத்தேன், விலையைப் படித்தேன்,
வாலைச் சுருட்டி
இருந்த இடத்திலேயே படுக்கவைத்துவிட்டு வந்தேன்.

அயனாவரத்தில் எங்கள் வீட்டு மோட்டார் அறையோரம்
பிளந்த சிமெண்டில் முளைத்துக் கிடக்கிறது குப்பைமேனி.
வாரம் ஒருமுறை பிடுங்கி எறிவது என் முறைவேலை.
ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்த இருதயம் சொன்னான்:
"அதுக்குப் பூனைவணங்கின்னு இன்னொரு பேரு இருக்குக்கா.
வேரைக் கண்டா விழுந்து கும்பிடும்."
அவன் சொல்கிற மீட்டர் கணக்கையே நான் நம்புவதில்லை.
ஆனாலும் பிடுங்கினேன்.
பாதி வேரோடு வந்தது.
மீதி சிமெண்டைக் கட்டிக்கொண்டு
வரமாட்டேன் என்றது.

மொட்டைமாடியில் இரண்டு நாள் காய்ச்சல்.
ஒரு வேரைக் காகம் தூக்கிப்போனது,
அதன் வீட்டுக்கு என்ன தேவையோ.
பெனடிக்டா விட்டுப்போன ஒற்றை வெள்ளைச் சாக்ஸ்,
நர்ஸ் வேலைக்குப் போட்டது,
குதிகாலில் ஓட்டை.
ஓட்டையை வாயாக்கி, வேரைத் திணித்து,
பழைய சுடிதார் துணியில் இரண்டு காது.
கடவாய்ப்பல்லில் பள்ளம் மேடு செதுக்குகிற கைக்கு
எலி ஒன்றும் பெரிய காரியமில்லை.
கண்ணுக்குப் பித்தான் வைக்கப் போனேன், நிறுத்தினேன்.
பிய்த்து விழுங்கினால் ராத்திரியில்
வேப்பேரிக்கு யார் ஓடுவது?
கறுப்பு நூலில் முடிச்சு, அதுவே கண்.
லேசாக மாறுகண்.

கூடவே ஐஸ்கிரீம் டப்பாவில்
தேங்காய் நார், ரேஷன் கோதுமை ஒரு பிடி.
ஐந்தாம் நாள் விரலுயரம் புல்.
வயிறு சரியில்லையென்றால் கடித்துக்கொள்ளட்டும்.
மத்தி வேகவைத்த தண்ணீரில் பரங்கிக்காய் மசித்து
உப்பில்லாமல்
ஐஸ் தட்டில் உறையவிட்டேன்.
நானே ஒன்றை நக்கிப் பார்த்தேன்.
யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடை விரித்தேன்:
எலி, புல், மீன் ஐஸ்.
பீரோவடியில் இரண்டு பச்சைக் கண்
திறந்து மூடின.
ஐஸ் உருகி எறும்பு வந்தது.
எலி மாறுகண்ணால் என்னையே பார்த்தது.
இருதயத்தை மனசுக்குள் திட்டினேன்.

அன்று மெட்ரோ தண்ணீர் லாரி வரவில்லை.
குடத்தில் இருந்தது குடிக்க மட்டும்.
கை கழுவாமல் படுத்தேன்,
ஒரு கை பாய்க்கு வெளியே கிடந்தது.

இரண்டு மணி இருக்கும்.
ஈரமாய் ஒரு மூக்கு.
பிறகு கன்னம், பிறகு மறுகன்னம்,
பிறகு முழு உடம்பும் என் உள்ளங்கையில்
புரண்டது, எச்சில் ஒழுக்கியது,
கட்டைவிரலைக் கவ்வி
கடிக்கலாமா என்று யோசித்தது.
கொசு ஒன்று காதில் பாடியது.
அசையவில்லை நான்.
மூத்திரம் முட்டியது. அதற்கும் அசையவில்லை.

கும்பிட்டது வேரைத்தான், என்னையல்ல.
தெரியும்.
அந்த மணம் இரண்டு நாளில் போய்விடும்,
திங்கட்கிழமை அக்ரிலிக் திரும்பிவிடும்,
அதுவும் தெரியும்.
மோட்டார் அறையோரம் மீதி வேர் இருக்கிறது
என்பதும் தெரியும்.

இடது கையால் தடவி எடுத்தேன் போனை.
தோஹாவில் பதினொன்றரை, விழித்திருப்பாள்.
'வந்துவிட்டது' என்று அடித்தேன்.
'என்ன, தண்ணி லாரியா?'
என்று கேட்டாள் பெனடிக்டா.